ஷிப்டுக்குப் போகிற சைக்கிளுக்கு ஒரு முன் லைட்

சைக்கிளுக்கு லைட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லூமன்?" என்றுதான். கடைக்காரரும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார். மொத்த வெளிச்சத்தைச் சொல்கிற அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடலாம். வெளிச்சம் எங்கே போய் விழுகிறது, பேட்டரி உண்மையில் எவ்வளவு நேரம் தாங்கும், குண்டு குழியில் லைட் தலையைத் தொங்கப் போடாமல் நிற்குமா, ஐப்பசி மழையில் பிழைக்குமா என்று பார்த்து வாங்கினால் 1,000 ரூபாய்க்குள்ளேயே உருப்படியான லைட் கிடைக்கும். இதையெல்லாம் பார்க்காமல் 3,000 கொடுத்தாலும் இருட்டில் தடவிக்கொண்டுதான் போக வேண்டும்.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். வீடு திருப்பாதிரிப்புலியூரில். ஏ ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். பி ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு பத்தைத் தாண்டிவிடும். சி ஷிப்டுக்குப் போவதே இருட்டில்தான். ஆக எந்த ஷிப்ட் போட்டாலும் ஒரு பக்கப் பயணம் இருட்டில். ஜெனரல் ஷிப்ட்காரர்களும் தப்ப முடியாது; கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்காலுக்கே இங்கே இருட்டத் தொடங்கிவிடும். பைக் என் பையன் கைக்குப் போய்விட்டது, திரும்பி வரும் அறிகுறி இல்லை. எனக்குச் சைக்கிள்தான்.

என் வழியில் மூன்று விதமான இருட்டு உண்டு. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் தெருவிளக்கும் கடை வெளிச்சமுமாக இருக்கும். அங்கே லைட் இல்லாமலே கூட வழி தெரியும், ஆனால் நாம் இருப்பது ஆட்டோக்காரருக்குத் தெரியாது. கடலூர் ஓல்டு டவுன், அதாவது ஓ.டி. பக்கம் ஒரு கம்பம் எரியும், அடுத்த இரண்டு எரியாது. ஓ.டி.யைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் ஏறினால் கதையே வேறு. எதிரே பஸ்ஸும் டேங்கர் லாரியும் ஹை பீமில் வரும், கண் கூசி இரண்டு நொடிக்கு ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு நொடியில் தார் ரோட்டின் ஓரம் எங்கே முடிந்து மண் எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெரிய வேண்டும். லைட் வாங்கும்போது உங்கள் வழியில் இருப்பதிலேயே மோசமான அரை கிலோமீட்டரை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

பாண்டி டவுனுக்குள்ளேயே, அண்ணா சாலை, நேரு வீதி என்று சுற்றுகிறவர்களுக்கு அந்த மோசமான அரை கிலோமீட்டர் இல்லாமலே இருக்கலாம். அவர்களுக்குப் பிறர் கண்ணில் படுகிற லைட் போதும்; 50 முதல் 100 லூமன் உள்ள சின்ன லைட்டே தாராளம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கமிருந்து கடலூர் சாலையில் வருகிறவர்களுக்கு வழி பார்க்கிற லைட் வேண்டும். அதற்கு 200 முதல் 400 லூமன், அதுவும் ரோட்டில் விழுகிற லூமன்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குழியைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால் ஆறு மீட்டர் அதிலேயே போய்விட்டது. பிரேக் பிடித்து நிற்க இன்னும் மூன்று மீட்டர், அதுவும் காய்ந்த ரோட்டில். ராடு பிரேக் வைத்த பழைய சைக்கிளில் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் அந்த மூன்று மீட்டர் இரண்டு மடங்காகலாம், மூன்று மடங்கும் ஆகலாம். அதனால் 15 மீட்டர் தூரம் ரோடு தெளிவாகத் தெரிய வேண்டும். 20 தெரிந்தால் நிம்மதி. நூறு மீட்டருக்கு அடிக்கிற டார்ச் நமக்குத் தேவையில்லை, அது வரப்பில் எலி தேடுகிறவருக்கு.

வெளிச்சம் விழுகிற இடம்

லூமன் என்பது லைட்டிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம். லக்ஸ் என்பது ஓரிடத்தில் போய் விழுகிற வெளிச்சம். 400 லூமன் டார்ச் ஒன்றை ஹேண்டில் பாரில் கட்டினால் அது வட்டமாக அடிக்கும். வட்டத்தின் மேல் பாதி புளியமரத்துக்கும் எதிரே வருகிறவரின் கண்ணுக்கும் போகும். கீழ் பாதிதான் நமக்கு. நல்ல சைக்கிள் லைட்டில் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் அந்த மேல் பாதியையும் கீழே மடக்கி ரோட்டில் போடும். கார் லோ பீம் சுவரில் படும்போது மேலே ஒரு கோடு வெட்டினாற்போல் தெரியுமே, அந்த வெட்டுதான் முக்கியம். அப்படி மடக்கின 150 லூமன், வட்டமாக அடிக்கிற 400 லூமனைவிட நன்றாக வழி காட்டும்.

ஜெர்மனியில் சைக்கிள் லைட்டுக்கும் போக்குவரத்து விதி இருக்கிறது. பத்து மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் வர வேண்டும், எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது, மினுக்கக்கூடாது. அந்தச் சோதனையில் தேறிய லைட்டின் உடம்பில் ஓர் அலைக்கோடும் கே என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். பெட்டியில் அந்த விதியின் சுருக்கப் பெயரான எஸ்.டி.வி.இசட்.ஓ. என்று போட்டிருப்பார்கள். புஷ் உண்ட் முல்லர் போன்ற கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன; நம் ஊருக்கு வந்து சேரும்போது அந்த விலை நம் பட்ஜெட்டில் நிற்காது. ஆனால் இதே மாதிரி வெட்டு வைத்த சீன லைட்டுகள் ஆன்லைனில் 1,200 முதல் 2,000 வரை கிடைக்கின்றன. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வாங்கினவர்கள் போட்டிருக்கும் சுவர் போட்டோவைப் பாருங்கள். மேல் விளிம்பு நேர்கோடாக இருந்தால் சரி. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியும் சுற்றிலும் மங்கல் வட்டமும் இருந்தால் அது டார்ச், சைக்கிள் லைட் என்ற பெயரில் விற்கிறார்கள்.

முன்னும் பின்னும் இழுத்தால் வெளிச்சம் குவியும், விரியும் என்கிற ஜூம் டார்ச்சையும் கிளாம்ப்போடு சேர்த்து விற்பார்கள். குவித்தால் சதுரமாக ஒரு கட்டம் மட்டும் விழும், அதற்கு வெளியே கும்மிருட்டு. நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

எங்கள் பிளான்ட்டில் கான்ட்ராக்டில் இருக்கும் ஒரு தம்பி, வட்ட லைட்டின் மேல் பாதியில் கருப்பு டேப் ஒட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, இப்ப கார் லைட் மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்றான். ஆகாது. கண்ணாடியை மறைத்தால் வெளிச்சம் குறையுமே தவிர வெட்டு விழாது. மீதி இருக்கும் துவாரம் வழியாகவும் எல்லாத் திசைக்கும் வெளிச்சம் போகத்தான் செய்யும். மேலே தொப்பி விளிம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை நீட்டி ஒட்டினால் நம் கண்ணுக்கு வரும் கூச்சம் குறையும், அவ்வளவுதான். வட்ட லைட்தான் இருக்கிறது என்றால் கீழே சாய்ப்பது ஒன்றே வழி.

சாய்ப்பதற்கும் கண்ணளவு வேண்டாம். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிச் சைக்கிளை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து லைட் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. வெளிச்சத்தின் பிரகாசமான நடுப்பகுதி அந்தக் கோட்டிலிருந்து, லைட் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே விழும்படி சாயுங்கள். அப்படி வைத்தால் அது ரோட்டில் சரியாக 15 மீட்டரில் போய்ச் சேரும். பாதி உயரத்தில் விழுந்தால் 10 மீட்டரில் சேரும். டவுனுக்குள் அது போதும். லைட் எந்த உயரத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வெட்டு உள்ள லைட் என்றால் அந்த வெட்டுக்கோடு சாக்பீஸ் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், மேலே போகவே கூடாது.

மழையில் ஒன்று கவனிக்க வேண்டும். நனைந்த தார் கண்ணாடியாகி, நம் லைட் வெளிச்சத்தை நமக்குத் திருப்பித் தராமல் முன்பக்கமாகத் தள்ளிவிடும். அதனால் எவ்வளவு நல்ல லைட்டும் மழையில் பாதியாகத் தெரியும். தண்ணீர் நிறைந்த குழியும் சமதளமும் ஒன்றுபோல் இருக்கும். அதற்கு லைட் தீர்வில்லை, வேகத்தைக் குறைப்பதுதான்.

பேட்டரி: இங்கேதான் ஏமாற்று அதிகம்

பெட்டியில் இருக்கும் எண்களை நம்பலாமா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்கிற எம்.ஏ.எச். எண்ணை, லித்தியம் செல்லின் வோல்டேஜான 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட்-ஹவர், அதாவது உள்ளே இருக்கும் மொத்த மின்சக்தி. மலிவு லைட்டில் ஒரு வாட்டுக்கு 100 லூமன் வந்தாலே பெரிய விஷயம். ஒரு லைட் 1,000 லூமன், 1,200 எம்.ஏ.எச்., ஆறு மணி நேரம் என்று சொல்கிறது என்று வையுங்கள். 1,200 எம்.ஏ.எச். என்றால் 4.4 வாட்-ஹவர். 1,000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். அரை மணி நேரம்கூட வராது. ஆறு மணி நேரம் என்பது இருப்பதிலேயே மங்கலான மோடுக்கு, 1,000 லூமன் என்பது இருப்பதிலேயே பிரகாசமான மோடுக்கு, அதுவும் அச்சடித்தவர் மனசுக்குத் தோன்றியபடி. இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் நல்ல கம்பெனிகள் ஆன்சி எஃப்.எல்.1 என்ற தரப்படி நேரம் போடுவார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தத் தரத்தில் நேரம் என்பது, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஐந்து மணி நேரம் என்றால் கடைசி இரண்டு மணி நேரம் மின்மினிப் பூச்சியாக எரிந்திருக்கலாம்.

உங்களுக்கு எவ்வளவு நேரம் தேவை? எனக்கு ஒரு பக்கம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஒரு நாளைக்கு ஒரு முறை. மீடியம் மோடில் நிஜமாகவே இரண்டரை மணி நேரம் எரிகிற லைட் இருந்தால் வாரத்துக்கு இரண்டு முறை சார்ஜ் போட்டால் போதும். 200 லூமனில் இரண்டரை மணி நேரம் என்றால் 5 வாட்-ஹவர். சர்க்யூட்டில் வீணாவதையும் பேட்டரி பழசாவதையும் சேர்த்தால் 2,000 எம்.ஏ.எச். வேண்டும். அதற்குக் குறைவாக நான் வாங்கமாட்டேன்.

பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற லைட் கிடைத்தால் அதையே எடுங்கள். உள்ளேயே ஒட்டிவிட்ட பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துபோகும், அதோடு லைட்டும் குப்பைக்கு. கழற்றுகிற வகை பெரும்பாலும் 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயர். நல்ல கம்பெனிச் செல்லில் 2,000 முதல் 3,500 எம்.ஏ.எச். வரை வரும். 9,900 எம்.ஏ.எச். என்று போட்ட செல்லைத் தொடவே வேண்டாம், அந்த உருளைக்குள் அவ்வளவு அடைக்க முடியாது. நிஜ செல் 45 கிராம் கிட்டத்தில் இருக்கும். போலி கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும். லித்தியம் செல்லுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 16046 என்ற தரப்பதிவு உண்டு. பேட்டரி மேல் அந்த எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாங்கின பிறகு உண்மையைக் கண்டுபிடிப்பது சுலபம். 300, 400 ரூபாய்க்கு யூ.எஸ்.பி. மீட்டர் கிடைக்கிறது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை எம்.ஏ.எச். உள்ளே போனது என்று காட்டும். மலிவு லைட்டில் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் பெரும்பாலும் வாங்கிய கரன்டை அப்படியே செல்லுக்குத் தள்ளுகிற வகை. அதனால் முழுக்கக் காலியான லைட்டைச் சார்ஜ் செய்யும்போது மீட்டர் காட்டுவது, செல்லின் கொள்ளளவுக்கு ஏறக்குறைய சமம். 2,000 என்று எழுதியிருந்து 1,700 ஏறினால் பரவாயில்லை. 800தான் ஏறியது என்றால் மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

மீட்டர் இல்லாதவர்கள் எரியவிட்டுப் பார்க்கலாம். இருட்டான அறையில் லைட்டைக் கூரை பார்க்க நிறுத்தி, பக்கத்தில் போனை வைத்து, லக்ஸ் அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டு, கால் மணிக்கு ஒரு தடவை எண்ணைக் குறியுங்கள். அந்த எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, எப்படி இறங்குகிறது என்பதுதான் வேண்டும். ஃபேனை லைட் பக்கம் திருப்பிவிட மறக்காதீர்கள். ஓட்டும்போது காற்றில் லைட் ஆறும், அறைக்குள் சூடாகித் தானே மங்கிவிடும். ஒரே அளவில் எரிந்து, கடைசியில் சிவப்பு விளக்குக் காட்டி, அப்புறம் அணைகிற லைட் நல்ல லைட். முதல் நிமிடத்திலிருந்தே வழுக்கிக்கொண்டே போகிறது என்றால் உள்ளே வெளிச்சத்தைச் சீராக வைத்திருக்கிற டிரைவர் சர்க்யூட் ஒழுங்காக இல்லை.

சார்ஜ் துவாரம் டைப்-சி என்றால் நல்லது. ஆனால் சில மலிவு லைட்டில் டைப்-சி துவாரம் மட்டும் வைத்துவிட்டு, அதற்குள் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை விட்டுவிடுவார்கள். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டால் சார்ஜே ஏறாது. லைட் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய அகலமான யூ.எஸ்.பி. முனை உள்ள கேபிளில் போட்டால் ஏறும்.

புயலுக்கு ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் பாண்டிக்கும் நடுவே கரை ஏறினபோது, மாவட்டத்தில் பல ஊருக்குக் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல், அதற்கப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் புகுந்தது. அந்த மாதிரி நாளில் தெருவிளக்கும் இருக்காது, சார்ஜ் போடவும் வழி இருக்காது. அதனால் பெரிய லைட்டோடு, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் எரிகிற ஒரு சின்ன லைட்டும் வைத்திருப்பது கடற்கரை ஊர்க்காரனுக்கு அவசியம். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

கட்டுமானம்

லைட் கெட்டுப்போவதைவிட அதைப் பிடித்திருக்கிற பிராக்கெட் உடைவதுதான் அதிகம். ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டுகிற வகை சுலபம்தான், ஆனால் நம் வெயிலில் பட்டை சீக்கிரம் வெடித்துவிடும். மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூ போட்டு இறுக்குகிற கிளாம்ப் உறுதி. அதிலும் லைட்டை ஒரு சொடுக்கில் கழற்ற முடிய வேண்டும். ஷெட்டில் சைக்கிளை விட்டுப் போகும்போது லைட்டையும் விட்டுப்போனால் இரண்டு ஆபத்து: ஒன்று, யாராவது எடுத்துக்கொள்வார்கள், இன்னொன்று வெயில். முழு சார்ஜில் சூட்டில் கிடந்தால் லித்தியம் செல்லின் ஆயுள் வேகமாகக் குறையும். கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுவிடுவது பழகினால் இரண்டும் தீர்ந்தது.

ஹேண்டில் பார் தடிமனைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது மாடல் கியர் சைக்கிளில் நடுப்பகுதி 31.8 மில்லிமீட்டர் வரை இருக்கும், பழைய சைக்கிளில் 22, 25 என்று மெல்லிசு. பெரிய கிளாம்ப் சின்னப் பாரில் வழுக்கிச் சுற்றும். பஞ்சர் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்று வாங்கிச் சுற்றி அதன் மேல் கிளாம்ப்பை இறுக்கினால் அசையாது, அதிர்வும் கொஞ்சம் குறையும். ராடு பிரேக் சைக்கிளில் பாருக்குக் கீழே ராடு ஓடுவதால் கிளாம்ப்புக்கு இடமே இருக்காது. அந்தச் சைக்கிள்களில் டைனமோ காலத்து லேம்ப் பிராக்கெட் முன்னால் துருப்பிடித்து நிற்கும், அதை உபயோகியுங்கள். அங்கே வைத்தால் முன் கூடையும் வெளிச்சத்தை மறைக்காது. கூடை இருப்பவர்கள், பாரில் தூக்குப் பையை மாட்டுகிறவர்கள் எல்லாரும் லைட்டை மேலே வைத்துப் பயனில்லை. வெளிச்சம் முழுக்க முருங்கைக்கீரைக் கட்டுக்குத்தான் போகும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. லைட்டை மாட்டச் சொல்லி, முன் சக்கரத்தை ஒரு ஜாண் தூக்கி நாலைந்து தடவை கீழே போடுங்கள். லைட் தலை குனிந்தால், வெளிச்சம் துடித்தால், வேறு எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார். "தம்பி, ஓ.டி. ரோட்டுல இதைவிட மோசமா குதிக்கும்" என்று சொல்லிவிடலாம்.

மழையும் உப்பும்

ஐ.பி. என்று ஆரம்பிக்கிற எண்ணில் கடைசி இலக்கம்தான் தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், 5, 6 என்றால் பீய்ச்சி அடிப்பதைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முங்கினாலும் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டக் குறைந்தது 4 வேண்டும், 5 அல்லது 6 இருந்தால் கவலையில்லை. 7க்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், நீந்திப் போகப்போவதில்லை.

எண் என்னவாக இருந்தாலும் தண்ணீர் உள்ளே போகிற இடம் ஒன்றுதான்: சார்ஜ் துவாரத்தை மூடுகிற ரப்பர் மூடி. அது தடிமனாக, அழுத்தினால் பொருந்தி உட்கார்வதாக இருக்க வேண்டும். மெல்லிசாகத் தொங்கினால் ஆறு மாதத்தில் பிய்ந்துவிடும். துவாரம் லைட்டின் அடிப்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. நனைந்து வந்த அன்று துடைத்துக் காயவைக்காமல் சார்ஜ் போடாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய எதிரி உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கம், துறைமுகப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கிளாம்ப் ஸ்க்ரூ முதலில் துருப்பிடிக்கும். வாங்கின அன்றே ஹார்டுவேர் கடைக்குப் போய் அதே அளவில் எஸ்.எஸ். ஸ்க்ரூ மாற்றிவிடுங்கள், ஐந்து பத்து ரூபாய் வேலை. கழற்றுகிற பேட்டரி என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பிரிங்கையும் செல்லின் முனையையும் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து விடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

சில சில்லறை விஷயங்கள்

பட்டனை அழுத்தினால் ஹை, மீடியம், லோ, வேக மினுக்கல், மெது மினுக்கல், எஸ்.ஓ.எஸ். என்று வரிசையாக வருகிற லைட் தொல்லை. எதிரே ஆள் வருகிறார், லோ போடலாம் என்று ஆரம்பித்தால் கோயில் பிரகாரம் மாதிரி முழுச் சுற்றுச் சுற்றித்தான் பழைய இடத்துக்கு வர முடியும். மூன்று மோடு போதும். மினுக்கல் இருந்தால் அது தனியாக, நீண்ட நேரம் அழுத்தினால் வருகிறதாக இருக்கட்டும். இருட்டில் மினுக்கல் போட்டு ஓட்டாதீர்கள். எதிரே வருகிறவருக்கு நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று பிடிபடாது, நமக்கும் ரோடு விட்டு விட்டுத் தெரியும். பட்டப்பகலில், மழை மூட்டத்தில் கவனத்தை இழுக்க மட்டும் அது சரி.

டைனமோவைப் பற்றிப் பழைய ஆட்கள் கேட்பார்கள். டயர் பக்கத்தில் உரசுகிற அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட், முன்னுக்கு 2.4, பின்னுக்கு 0.6. சார்ஜ் தொல்லை இல்லை, திருடுகிறவர் இல்லை. ஆனால் மழையில் டயர் மேல் வழுக்கும், மிதிக்கக் கனக்கும், நின்றால் லைட்டும் நின்றுவிடும். சக்கர நடுவில் வைக்கிற ஹப் டைனமோ அருமையான பொருள், விலை நம் சைக்கிளைவிட அதிகம். சிக்னலில் நிற்கிற, கேட்டில் நிற்கிற ஆளுக்குப் பேட்டரி லைட்தான்.

பின்னால் சிவப்பு லைட் ஒன்று கட்டாயம், 200 ரூபாயில் முடிந்துவிடும். அதோடு மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கட்டும், பேட்டரி தீர்ந்தால் அது காப்பாற்றும்.

விலைக்கு வருவோம். 300 ரூபாய்க்குள் கிடைப்பது டவுனுக்குள் பிறர் கண்ணில் படுவதற்கு மட்டும். 600 முதல் 1,000 வரை 2,000 எம்.ஏ.எச். பேட்டரியும் ஸ்க்ரூ கிளாம்ப்பும் உள்ள வட்ட லைட் கிடைக்கும்; சரியாகச் சாய்த்தால் சிதம்பரம் சாலைக்கே போதும், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தினமும் இருட்டில் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் 1,200 முதல் 2,000 வரை கொடுத்து வெட்டு உள்ளதை வாங்கலாம். அதற்கு மேல் கொடுப்பது ஆசைக்கு.

ஆவணி, புரட்டாசியிலேயே வாங்கிவிடுங்கள். மழை ஆரம்பித்த பிறகு வாங்கினால் சோதிக்க அவகாசம் இருக்காது. ஆன்லைனில் வாங்கும்போது திருப்பி அனுப்ப எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். பெட்டி, கேபிள், பில் எதையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, வந்த அன்று ராத்திரியே எரியவிட்டுப் பாருங்கள். மறுநாள் சார்ஜ் மீட்டர், சுவர், சக்கரத்தைத் தூக்கிப் போடுவது. தண்ணீர்ச் சோதனையைக் கடைசியில் வையுங்கள்: ரப்பர் மூடியை அழுத்தி மூடி, மக்கால் பத்து நிமிடம் விட்டு விட்டுத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, ஓர் இரவு அப்படியே வைத்துவிடுங்கள். காலையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தால் போட்டோ எடுத்து, பெட்டியில் போட்டிருக்கும் ஐ.பி. எண்ணையும் சேர்த்துப் படம் பிடித்து, கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.